கையெழுத்துப் போடும் முன்பு

சென்ற மாதம் ஒரு கல்யாண வரவேற்பில் பழைய நண்பரைப் பார்த்தேன். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டேன். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "எங்க பில்டிங் டெண்டர் திறந்தாச்சு ஸார். கார்ப்பெட் ஏரியாவுல நாற்பது பர்சன்ட் கூடக் கேட்டிருக்கோம்" என்றார். பந்தியில் உட்கார்ந்தபோது வலப்பக்கமும் இடப்பக்கமும் அதே பேச்சுதான். கார்ப்பஸ் எவ்வளவு, கார் பார்க்கிங் ஒன்றா இரண்டா, மாத வாடகை பில்டர் முன்கூட்டியே தருவானா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பாயசம் ஆறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை.

மும்பையில் நம்மவர்கள் இருவர் சந்தித்தால் ஒரு காலத்தில் ஊர்ப் பேச்சு இருந்தது. பிறகு பிள்ளைகளின் அட்மிஷன் வந்தது, அதன் பிறகு அமெரிக்கா விசா. இப்போது ரீடெவலப்மெண்ட். இதைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. நானும் கையெழுத்துப் போட்டவன்தான். போட்ட கையெழுத்தைப் பற்றிக் கொஞ்சம் மனம் உறுத்துகிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

மலிவு என்று வந்தோம்

நான் 1974-ல் மெட்ராஸ் மெயிலில் வந்து இறங்கியவன். மாதுங்காவில் ஓர் அறையில் நான்கு பேர். மெஸ் சாப்பாடு, பொதுக் குழாய், வாரத்துக்கு ஒரு சினிமா. மாதுங்காவில் அப்போதே எல்லாம் இருந்தன. 1923-ல் தொடங்கிய ஆஸ்திக சமாஜம், 1932-ல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விக் கழகம், பக்கத்தில் ஷண்முகானந்தா ஹால், வாழை இலையும் முருங்கைக்காயும் விற்கும் மார்க்கெட் என்று எதற்கும் குறைவில்லை. நமக்கு ஒரு வீடுதான் இல்லை. 1947 வாடகைச் சட்டம் பழைய வாடகைகளை அப்படியே நிறுத்தி வைத்திருந்ததால், புதிதாக வருகிறவனுக்கு வீட்டுக்காரர்கள் பகடி கேட்டார்கள். அந்தப் பகடிப் பணத்தில் ஊரில் இரண்டு வீடு வாங்கிவிடலாம்.

கல்யாணம் ஆனதும் செம்பூருக்குப் போனோம். செம்பூர் ஏன் மலிவாக இருந்தது என்பது அந்தக் காலத்துக்காரர்களுக்குத் தெரியும். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், உரத் தொழிற்சாலை, தேவ்னார் குப்பைமேடு எல்லாம் சுற்றிலும் இருந்தன. காற்று திரும்பினால் துணி காயப் போட முடியாது. "செம்பூரா, காஸ் சேம்பரா?" என்று ஆபீஸில் கேலி செய்வார்கள். பணமுள்ளவன் வரமாட்டான். ஆகவே நாம் வந்தோம். புகையில் பாதி நமக்கு, வாடகையில் பாதி மிச்சம்.

வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. சேடா நகர் முருகனுக்குப் படி வைத்துக் கோயில் எழும்பியது. கச்சேரிக்கு ஃபைன் ஆர்ட்ஸ் வந்தது. பள்ளிக்கூடம், மெஸ், அரிசி மாவு அரைக்கும் கடை, மார்கழி பஜனை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. பத்து பதினைந்து வருஷத்தில், "செம்பூர் நல்ல இடம், நம்ம ஜனங்க நிறைய" என்று பெயர் வந்துவிட்டது. நல்ல இடம் என்ற பெயர் வந்ததும் வாடகை ஏறியது. அடுத்து வந்த இளைஞர்களுக்குச் செம்பூர் எட்டவில்லை. அவர்கள் டோம்பிவிலிக்கும் முலுண்டுக்கும் போனார்கள். 1992-ல் ரயில் கடல் பாலத்தைத் தாண்டி வாஷிக்குப் போனதும் பலர் அங்கே போனார்கள். அங்கும் கோயில் வந்தது, மெஸ் வந்தது, வாடகை ஏறியது.

இதை யோசித்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். வாடகையை ஏற்றியது பில்டர் மட்டும் அல்ல. மலிவான இடம் தேடி வந்த நாம் அதை வாழத் தகுந்த இடமாக்கினோம். அதனாலேயே அடுத்தவனுக்கு அது மலிவில்லாமல் போனது. இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால், "எல்லாம் நம் உழைப்பு, இதில் வேறு யாருக்கும் பங்கு இல்லை" என்று சொல்லும்போதுதான் தவறு தொடங்குகிறது.

நமக்கு முன்பும் இங்கே ஆட்கள் இருந்தார்கள். 1947 பிரிவினைக்குப் பின் சிந்தி அகதிகளுக்கு முகாம் அமைத்த இடங்களில் இதுவும் ஒன்று. செம்பூர் கேம்ப் என்ற பெயரே அதற்குச் சாட்சி. நம்மோடு வந்தும் நம் கணக்கில் வராத தமிழர்களும் உண்டு. மான்குர்த் பக்கம் ஜனதா காலனி என்று ஒரு குடிசைப் பகுதி இருந்தது. அங்கே தமிழர்கள் நிறைய. பக்கத்திலிருந்த அணுசக்தி நிலையத்துக்கு நிலம் வேண்டும் என்று, நெருக்கடிநிலைக் காலத்தில், 1976 மே மாதத்தில் அந்தக் காலனியைக் காலி செய்தார்கள். சுமார் 70,000 பேரைக் கொண்டுபோய் இன்று சீத்தா கேம்ப் என்று சொல்லும் இடத்தில் விட்டார்கள். கோலார் தங்க வயலில் பிறந்து வந்த ஜோக்கின் அற்புதம் அந்த வெளியேற்றத்தை எதிர்த்துப் போராடியவர். பின்னாளில், 2000-ல், மக்ஸேஸே விருது பெற்றார். 2018-ல் காலமானார். அதே அணுசக்தி நிலையத்தில் நம் விஞ்ஞானிகளும் கிளார்க்குகளும் வேலை பார்த்தார்கள். இங்கேயும் தமிழர், அங்கேயும் தமிழர். நடுவில் ஒரு சுவர்.

எங்கள் கட்டடத்து வாசலில் முப்பது வருஷமாகப் பூ விற்ற அம்மாள் அந்தச் சீத்தா கேம்ப்காரர். ஜனதா காலனியிலிருந்து லாரியில் ஏறியபோது அவருக்கு வயது பன்னிரண்டு. இத்தனை வருஷத்தில் இது எனக்குத் தெரியவில்லை. மல்லிகை முழம் என்ன விலை என்று மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

இரண்டாம் மாடிக் குடும்பம்

எங்களுடையது மூன்று மாடிக் கட்டடம். லிஃப்ட் கிடையாது. மழைக்காலத்தில் சுவரில் ஈரம், பால்கனியில் காரை உதிரும். முழங்கால் வலிக்காரர்கள் மூன்றாம் மாடியிலிருந்து இறங்குவதையே நிறுத்திவிட்டார்கள். இடித்துக் கட்டத்தான் வேண்டும். அதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.

இடமும் மாறிவிட்டது. 2013-ல் கிழக்கு ஃப்ரீவே திறந்தது. மறு வருஷம் மானோ ரயிலும் சாந்தாகுரூஸ் இணைப்புச் சாலையும் வந்தன. சினிமா ஸ்டூடியோ இருந்த இடம் 2019-ல் கைமாறியது. காஸ் சேம்பர் என்று கேலி பேசியவர்களின் பிள்ளைகள் இன்று இங்கே வீடு தேடுகிறார்கள். பில்டர்கள் தாமாகவே வந்து கதவைத் தட்டினார்கள்.

சொஸைட்டியில் சிறப்புப் பொதுக்குழு கூடியது பிப்ரவரி மாதம். நான் கமிட்டியில் இருந்தேன். 2019 ஜூலை 4-ம் தேதி அரசு உத்தரவுப்படி மொத்த உறுப்பினர்களில் 51 சதவீதம் சம்மதித்தால் போதும். எங்களுக்கு நூற்றுக்கு நூறு கிடைத்தது. எல்லோரும் கை தட்டினோம். சமோசா வந்தது.

இரண்டாம் மாடியில் ஒரு குடும்பம் ஆறு வருஷமாக வாடகைக்கு இருந்தது. அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர்கள். அவர் ஒரு கூரியர் கம்பெனியில் சூப்பர்வைஸர். மனைவி வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பார். மூத்த பெண் ஒன்பதாவது, பையன் ஐந்தாவது. வீட்டு ஓனர் வெளிநாட்டில். அன்றைய கூட்டத்துக்கு அவர் இமெயிலில் சம்மதம் அனுப்பியிருந்தார். ஆறு வருஷமாக அந்த மாடிப்படியில் ஏறி இறங்கியவருக்கு அழைப்பு இல்லை. சட்டப்படி இருக்கவும் முடியாது. அவர் உறுப்பினர் அல்ல, லைசென்ஸி. 2000 மார்ச் 31 முதல் நடைமுறையில் உள்ள மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் பழைய பகடிக் குடித்தனக்காரருக்கு உரிமை உண்டு. லீவ் அண்ட் லைசென்ஸ்காரருக்குக் கெடு முடிந்தால் வெளியேற வேண்டும் என்பதுதான் உண்டு. வெளியேறாவிட்டால் இருமடங்கு கட்ட வேண்டும்.

ஜூன் மாதம் அவர்கள் ஒப்பந்தம் புதுப்பித்தார்கள். ப்ரோக்கருக்கு மறுபடி ஒரு தொகை, பத்திரப் பதிவுச் செலவு, டிபாஸிட் கொஞ்சம் கூட. டியூஷனுக்காக ஹாலில் பெரிய கரும்பலகை அடித்தார்கள். அந்த ஆணிச் சத்தம் எனக்குக் கேட்டது. 'இன்னும் எட்டு மாதத்தில் இந்தச் சுவரே இருக்காதே' என்று மனதுக்குள் நினைத்தேன். மேலே போய்ச் சொல்லவில்லை. 'அவரோட ஓனர் சொல்லியிருப்பார், நமக்கெதற்கு' என்று இருந்துவிட்டேன்.

ஓனர் சொல்லவில்லை. டிசம்பரில் நோட்டீஸ் வந்தது. மார்ச் முதல் தேதிக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும். அந்தப் பெண் அப்போது பத்தாவது. மார்ச்சில்தான் போர்டு பரீட்சை.

மாடிப்படியில் அந்த அம்மாள் என்னை நிறுத்திக் கேட்டார்: "சார், உங்களுக்கு இது எப்போ தெரியும்?"

பிப்ரவரியில் என்று சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "ஜூன்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அப்பவே பரீட்சைக்குத் தோதா வேற இடம் பாத்திருப்போமே சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எழுபது வயதுக்கு மேல் ஒருவர் என்னைக் கேட்ட கேள்விகளில், பதில் இல்லாமல் நின்ற கேள்வி அதுதான்.

அவர்களும் செம்பூரிலேயே தேடினார்கள். கிடைக்கவில்லை. காரணம் எளிது. எங்கள் தெருவில் அந்த வருஷம் மூன்று கட்டடங்கள் ஒரே சமயத்தில் காலியாயின. நாங்கள் எல்லோரும் பில்டர் கொடுத்த மாத வாடகைப் பணத்தோடு, கோயிலும் டாக்டரும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அதே நான்கு தெருவில் வீடு தேடினோம். பணம் பில்டருடையது, பேரம் பேச நமக்கு அவசரம் இல்லை. கேட்ட வாடகையைக் கொடுத்தோம். சொந்தச் சம்பளத்தில் வாடகை கட்டுகிறவர் அந்தப் போட்டியில் எப்படி நிற்பார்? அவர்கள் பன்வேலுக்கு அப்பால் போனார்கள். பரீட்சை முடியும் வரை மூன்று வாரம் அந்தப் பெண் எங்கள் தற்காலிக வீட்டில் தங்கிப் படித்தாள். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. ஒரு வார்த்தையில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயத்துக்கு அது பரிகாரம் ஆகாது.

நம்மைச் சேர்க்காத காலம் நினைவிருக்கிறதா?

"சட்டப்படி நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சொஸைட்டி என்ன தர்ம சத்திரமா?" என்று கமிட்டி நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நாம் எப்படி இந்த ஊரில் நின்றோம் என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். அறுபதுகளின் கடைசியில் மதராஸிகளுக்கு எதிராகக் கோஷம் எழுந்த நாட்களைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நான் வந்தபோதும், "மதராஸிக்கு வீடு இல்லை" என்று முகத்துக்கு நேரே சொன்னவர்கள் இருந்தார்கள். அப்போது தன் அறையில் நாலாவது ஆளாகப் பாய் போட இடம் கொடுத்த ஒருவர் இருந்தார். அவருக்கும் சட்டப்படி அவசியம் எதுவும் இருக்கவில்லை.

இன்று நம் கமிட்டிகளே மற்றவர்களிடம் கேட்கும் கேள்விகளைப் பாருங்கள். "கல்யாணம் ஆனவரா? சைவமா? எந்த மதம்? எந்த ஜாதி?" நேரே கேட்கத் தயங்குகிறவர், "சொந்த ஊர் எது, குலதெய்வம் எது?" என்று சுற்றி வளைத்துக் கேட்கிறார். தாராவியில் பிறந்து பி.இ. படித்து நல்ல வேலையில் இருக்கும் தமிழ்ப் பையனுக்குத் தமிழ்க்காரர் வீடு கிடைப்பதில்லை. இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நாம் வாங்கிய அடியை நாமே திருப்பிக் கொடுக்கக் கற்றுக்கொண்டோம், அதுவும் நமக்கு அடித்தவனுக்கு இல்லை, பிறகு வந்தவனுக்கு.

தாராவியையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே புதிய திட்டத்தில், 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதை நிரூபித்தவருக்குத்தான் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். மாடி அறையில் இருப்பவருக்குத் தாராவிக்கு வெளியே வேறு ஏற்பாடு. திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் மூன்றாம் தலைமுறை இன்று கையில் பழைய ரேஷன் கார்டோடு நிற்கிறது. பத்திரிகையில் இதைப் படித்து உச்சுக் கொட்டுகிறோம். நம் கட்டடத்து மாடியிலும் கணக்கில் வராத ஒரு குடும்பம் இருந்ததை நாம் பார்க்கவில்லை.

நமக்கும் ஒரு கணக்கு இருக்கிறது

அடுத்தவருக்காக மட்டும் சொல்லவில்லை. உறுப்பினர்களும் பென்சில் எடுத்து ஒரு கணக்குப் போட வேண்டும். புதுக் கட்டடத்தில் லிஃப்ட் மூன்று, ஜெனரேட்டர், தீயணைப்பு ஏற்பாடு, ஜிம், சில இடங்களில் நீச்சல் குளமும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் மாதாமாதம் மெயின்டனன்ஸ். அது பெரும்பாலும் சதுர அடிக் கணக்கில் வரும். கூடுதல் இடம் என்று சந்தோஷப்பட்டோமே, அந்த இடத்துக்கும் சேர்த்துத்தான் பில். கார்ப்பஸ் வட்டி சில வருஷம் தாங்கும். பிறகு பென்ஷனில் கை வைக்க வேண்டும். புது வீட்டில் நாலைந்து வருஷம் இருந்துவிட்டு, செலவு கட்டவில்லை என்று விற்றுவிட்டுக் கோயம்புத்தூருக்கோ ஸ்ரீரங்கத்துக்கோ போன பழைய உறுப்பினர்கள் எனக்கே ஐந்தாறு பேர் தெரியும். அங்கே அவர்களைத் தெரிந்தவர் யாரும் இல்லை. நாற்பது வருஷப் பழக்கம் எல்லாம் செம்பூரில். வாடகைக்காரரை மூன்று மாதத்தில் வெளியேற்றும் அதே விலையேற்றம் நம்மைக் கொஞ்சம் மெதுவாக வெளியேற்றுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

என்ன செய்யலாம்?

பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். கையெழுத்துப் போடும் முன்பு நம் கையில் பிடி இருக்கிறது. போட்ட பிறகு இல்லை. ஆகவே போடும் முன்பே சில விஷயங்களைப் பேசிவிட வேண்டும்.

முதலாவது, பொதுக்குழுவின் முதல் நோட்டீஸிலேயே வாடகைக்கு இருப்பவர்களுக்கும் ஒரு நகல் கொடுக்க வேண்டும். ஓட்டு இல்லாவிட்டாலும் தகவலாவது சேரட்டும். காகிதச் செலவு ஒரு ரூபாய். ரீடெவலப்மெண்ட் பேச்சு தொடங்கிய பிறகு, அதைச் சொல்லாமல் எந்த ஓனரும் ஒப்பந்தம் புதுப்பிக்கக் கூடாது என்று கமிட்டி கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, காலி செய்யும் தேதி. அதைத் தீர்மானிப்பது பில்டரோடு போடும் ஒப்பந்தம். பரீட்சை முடிந்து ஏப்ரல் கடைசியில் என்று எழுதினால் எந்தப் பில்டரும் ஓடிப்போக மாட்டான். வாடகைக்காரரின் சாமான் வண்டிச் செலவும் ஒரு ப்ரோக்கர் கமிஷனும் அந்தப் பெரிய கணக்கில் ஒரு சிட்டிகை உப்பு. கேட்டால் கிடைக்கும். நாங்கள் கேட்கவில்லை.

மூன்றாவது, வாசலில் இருப்பவர்கள். எங்கள் மாடிப்படிக்குக் கீழே இருபது வருஷமாக இஸ்திரி போட்டவர் உத்தரப் பிரதேசத்துக்காரர். "ஸாப், நயீ பில்டிங் மே ஹமாரா டேபிள் ரஹேகா க்யா?" என்று கேட்டார். புதுக் கட்டடத்தில் தன் மேஜைக்கு இடம் உண்டா என்று கேட்கிறார். பூக்கார அம்மாள் அதுவும் கேட்கவில்லை. "எனக்கு இது புதுசா ஐயா?" என்று கூடையை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார். தெருவில் விற்பவர்களுக்கு 2014-ல் மத்தியச் சட்டம் வந்திருக்கிறது. கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்கும் வரை அவர்களை அப்புறப்படுத்தக் கூடாது என்று அதில் இருக்கிறது. அது நகராட்சி வேலை. நம் வேலை, நம் காம்பவுண்டுக்குள் ஆறடிக்கு நாலடி இடம் வரைபடத்தில் குறித்துவிடுவது. நாலு கார் நிறுத்தும் இடத்தில் ஒரு மேஜைக்கா இடம் இருக்காது?

நான்காவது, நம் சங்கம். நம் இதழில் ஜாதகப் பக்கம் இருக்கிறது. ஒரு வீட்டுப் பக்கமும் வேண்டும். வாடகைக்கு வீடு வைத்திருக்கும் உறுப்பினர்கள் ப்ரோக்கருக்குச் சொல்லும் முன்பு இங்கே சொல்லட்டும். ரீடெவலப்மெண்டால் வீடு இழக்கும் வாடகைக் குடும்பங்களுக்கு முதல் வாய்ப்பு கிடைக்கட்டும். ஒரே நிபந்தனை: "இன்னார்க்கு மட்டும்" என்ற வரி அந்தப் பக்கத்தில் அச்சாகக் கூடாது. ஆசிரியர் குழு இதை யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் கட்டடம் இப்போது ஏழாவது தளம் வரை எழும்பியிருக்கிறது. மாலையில் நடக்கப் போகும்போது நின்று பார்ப்பேன். எங்கள் பழைய சமையலறை இருந்த உயரத்தில் இன்று கார் நிறுத்தும் தளம். அந்தப் பெண் இப்போது செம்பூரில்தான் காலேஜ் படிக்கிறாள். விடியற்காலை எழுந்து ரயிலேறி வருகிறாள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எங்கள் வீட்டில் டிபன் சாப்பிடுவாள். அந்தக் கரும்பலகையைப் பன்வேல் வீட்டில் மாட்டியாகிவிட்டதாம்.

இஸ்திரி மேஜைக்கு இடம் கேட்டுக் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பில்டரின் ஆள், "பார்க்கலாம் அங்கிள்" என்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை கூட்டம். நிகழ்ச்சி நிரலில் பதினோராவது விஷயமாகப் போட்டிருக்கிறார்கள். பதினோராவது வரும்போது பாதிப்பேர் எழுந்து போயிருப்பார்கள் என்று தெரியும். நான் உட்கார்ந்திருப்பேன். உங்கள் கட்டடத்தில் இன்னும் கையெழுத்து ஆகவில்லை என்றால், இதை முதல் விஷயமாகப் போடச் சொல்லுங்கள்.